அப்பக்கார மாமி கொண்டுபோன கயிறு

என் வயதுக்காரருக்குத்தான் இதை எழுதுகிறேன். சைரன் ஊதியதும் கையில் இருக்கிற கவளத்தை வாயில் போடுவதா, கீழே போட்டுவிட்டு ஓடுவதா என்று யோசித்துப் பார்த்தவர்கள் நாங்கள். இனி எத்தனை பேர் மிச்சம் என்று தெரியாது. இளையவர்களுக்கு ஜப்பான்காரன் குண்டு போட்ட அந்த யுத்தம் பாடப்புத்தகத்தில் நாலு வரி. எனக்கு அது ஒரு கிணற்றுக் கயிறு.

நான் அதிகம் படிக்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. திருப்பித் தந்தபோது சின்னப் பிள்ளைகளோடு வாங்கில் உட்கார எனக்கு வெட்கமாகிவிட்டது. பிறகு கன்னியர் மடத்துக் குசினி, தோட்டத்து ஆஸ்பத்திரி, மன்னாரில் கருவாடு காயப்போடும் ஒரு வாடி என்று போய்க்கொண்டே இருந்தவள். ஓரிடத்தில் இரண்டு வருஷம் இருந்தால் எனக்குக் கால் உளையும். திருகோணமலைக்கு மட்டும் திரும்பத் திரும்ப வந்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. துறைமுகத்துக்குப் போகும் ஒழுங்கையில் எங்கள் வீடு. வேலிக்கு மேலால் பார்த்தால் சாம்பல் நிறக் கப்பல்கள் தெரியும். காற்று அந்தப் பக்கமிருந்து வந்தால் நிலக்கரிப் புகை, இந்தப் பக்கமிருந்து வந்தால் பக்கத்து வீட்டு அப்பக்கார மாமியின் மா புளித்த மணம். அப்பா கப்பல்களில் துருத் தட்டும் வேலை. நாள் முழுவதும் இரும்பில் சுத்தியலால் அடித்து அடித்து அவருக்கு ஒரு காது கேட்காது, மற்றக் காது அரைவாசி. அதனால் எங்கள் வீட்டில் ரகசியம் பேச ஏலாது. அதே காரணத்தால் அப்பாவுக்குத் தெரியாமல் எத்தனையோ காரியம் நடந்தது.

குண்டு விழுந்த வருஷத்துக்கு முந்தின நத்தார்ப் பண்டிகை கழிந்த கையோடு அம்மாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பதினொரு நாள் இருந்தது. சுவாமியார் வர நேரம் காணாது என்று அப்பக்கார மாமிதான் எங்கள் கிணற்றுத் தண்ணீரை அள்ளி அதன் நெற்றியில் வார்த்து ஞானஸ்நானம் கொடுத்தார். ஞானஸ்நானம் பெற்ற கைக்குழந்தை செத்தால் அது சம்மனசு, ஒரு வானதூதன், நேரே மோட்சத்துக்குப் போகிறது, ஆகவே அழக்கூடாது என்பது எங்களிடம் இருந்த வழக்கம். கோயில் மணியைக்கூடத் துக்கத்துக்கு அடிப்பது போல அடிக்க மாட்டார்கள், திருநாளுக்கு அடிப்பது போல அடிப்பார்கள். அம்மா அழ வாயைத் திறந்தபோது மூப்பர் கையைத் தூக்கினார்.

"அழாதை பிள்ளை. சம்மனசுக்கு அழுதால் ஆண்டவரிட்டைத் திருப்பிக் கேக்கிற மாதிரி."

சுவாமியார் இல்லாத நேரத்தில் ஊருக்குச் செபம் சொல்லிக் கொடுப்பவர்தான் மூப்பர். தந்திக் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். வெயிலோ மழையோ கக்கத்தில் குடை இருக்கும். நல்ல மனிதர். நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். அம்மா திறந்த வாயை மூடினார். அந்த மணியோசைக்கு நானும் தம்பியும் தலையாட்டிக்கொண்டு நின்றோம்.

கயிற்றுக் கதை அதற்கு ஒரு மாதம் கழித்துத் தொடங்கியது. ஒரு நாள் மத்தியானம் அப்பக்கார மாமி எங்கள் கிணற்றுக் கப்பியிலிருந்து கயிற்றை வாளியோடு கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டார். கேட்டுப் போகவில்லை. அடுத்த நாள் விடியக் கொண்டுவந்து மாட்டி, அம்மாவோடு கிணற்றடியில் நின்று தண்ணீர் அள்ளிவிட்டு, மறுபடி கழற்றிக்கொண்டு போனார். மத்தியானமும் அப்படி. பின்னேரமும் அப்படி. எங்களுக்கு ஒரு செம்பு தண்ணீர் வேண்டுமென்றாலும் வேலியடியில் போய் "மாமீ!" என்று கத்தவேண்டும்.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அவர் மெல்லச் சொல்வது ஒழுங்கை முழுவதற்கும் கேட்கும்.

"உவளுக்கு வீட்டில கயிறு இல்லையோ? இண்டைக்குக் கயிறு. நாளைக்குக் கிணத்தையும் சுருட்டித் தோளில போட்டுக்கொண்டு போவாள்!"

வேலிக்கு அங்காலிருந்து மாமி, "கிணறு பாரமப்பா. நீங்கள் ஒரு கை பிடிச்சாத் தூக்கலாம்" என்பார்.

அம்மா சிரிக்கவும் மாட்டார், கயிற்றைக் கேட்கவும் மாட்டார். அப்பா வேறு கயிறு வாங்கி வந்தார். அதையும் மாமி கொண்டுபோனார். ஒழுங்கையில் அவருக்குக் கயிற்றுக்கள்ளி என்று பெயர் வந்தது. பிள்ளைகள் நாங்கள் அதைப் பாட்டாகவே படித்தோம்.

மாமி விதவை. காலமை துறைமுகத்துக்குப் போகிற தொழிலாளருக்கு அப்பம் சுட்டு விற்பார். பகலில் மா இடிப்பார். உலக்கை விழும் சத்தத்தோடு சத்தமாக, வேலிக்கு அங்காலிருந்து செபமாலை சொல்லத் தொடங்குவார். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: செபமாலையில் மாதாவுக்குச் சொல்லும் செபம் இரண்டு பாதி. ஒருவர் முதற்பாதி சொல்ல, மற்றவர்கள் மறுபாதி சொல்வார்கள். ஒரு செபத்துக்குச் செபமாலையின் ஒரு மணி, மொத்தம் ஐம்பது. மறுபாதியின் முடிவில், இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று வரும். மாமி அங்கால் நின்று முதற்பாதி சொன்னால் அம்மா இங்கால், அடுப்படியிலோ உடுப்புத் தோய்க்கிற கல்லடியிலோ நின்று மறுபாதி சொல்ல வேண்டும். பதில் வரத் தாமதித்தால் உலக்கை நின்றுவிடும்.

"எங்க நிக்கிறாய்?"

"இஞ்சதான்."

உலக்கை மறுபடி விழும்.

ஒரு நாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். அம்மா மறுபாதியை முடிப்பதில்லை. "இப்பொழுதும்" என்ற சொல் வரைக்கும் வருவார். அதோடு உதடு மூடிக்கொள்ளும். மிச்சத்தை அங்காலிருந்து மாமியே சொல்லி முடித்துவிட்டு அடுத்த மணிக்குப் போவார். ஏதோ ஒரு மணியில் தவறிய தவறல்ல. ஐம்பது மணிக்கும் அதே இடம்தான். அப்பாவின் வேலையிடத்தில் எந்த நேரமும் குண்டு விழலாம் என்று எல்லோரும் கதைத்த காலம். மரணம் என்ற சொல்லை வாயால் சொன்னால் அது அப்பாவைத் தேடி வந்துவிடும் என்று அம்மா பயப்படுகிறார் என நான் முடிவு கட்டினேன். அன்றிலிருந்து எனக்கும் அந்தச் சொல்லுக்குப் பயம். அப்பா வீடு வரும்வரை வேலியடியில் நிற்பேன்.

தபசுகாலம் வந்தது. எங்கள் கோயில் வழக்கப்படி அந்த நாற்பது நாளும் ஒரு மரச் சிலுவை வீடு வீடாகப் போகும். போகிற வீட்டில் எல்லோரும் கூடிச் செபமாலை சொல்வார்கள். இரவில் வெளிச்சம் காட்டக்கூடாது என்ற இருட்டடிப்புச் சட்டத்தால் அந்த வருஷம் பின்னேரம் நாலு மணிக்கே வைத்துக்கொண்டார்கள். அம்மா எந்த வீட்டுக்குப் போனாலும் மூப்பர் தொண்டையைச் செருமுமுன் தானே முதற்பாதியைத் தொடங்கிவிடுவார். ஆம்பிளைகள் இருக்கிற இடத்தில் ஒரு பெண் அப்படிச் செய்வது புதினம்.

"பெரிய கன்னியாஸ்திரி எண்ட நினைப்பு" என்று ஒரு பெண் சொன்னாள்.

"சம்மனசின்ரை தாயெல்லோ. பெருமை இருக்கும்தானே" என்றாள் மற்றவள்.

மூப்பருக்கும் சங்கடம். ஞாயிறு ஞானோபதேச வகுப்பு முடிந்து போகும்போது என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, உன்ரை அம்மா ஏன் உப்பிடி முதற்பாதிக்கு ஓடி ஓடி வாறா?"

அவர் கையில் ஒரு சுரூபப் படம் இருந்தது. தங்கக் கரை போட்ட படம், மாதா நீலச் சீலையோடு. கேள்விக்குச் சரியான பதில் சொல்கிற பிள்ளைக்கு அது கிடைக்கும். நான் பதில் சொன்னேன்.

"முதற்பாதி எடுத்தால் மறுபாதி சொல்லத் தேவையில்லைத்தானே. மறுபாதியில அம்மாவுக்கு ஒரு இடம் வராது."

"எந்த இடம்?"

சொன்னேன். படத்தைத் தந்தார். அந்தப் படம் எங்கே போனது என்று இன்றைக்கும் தெரியாது. கொஞ்ச நாள் பாய்க்குக் கீழே வைத்திருந்தேன்.

எங்கள் வீட்டுக்குச் சிலுவை வந்த பின்னேரம் வெக்கை தாங்க முடியாது. கதிரை ஒன்றில் வெள்ளை விரித்துச் சிலுவையைச் சாய்த்திருந்தார்கள். ஒழுங்கை முழுவதும் எங்கள் மண் நிலத்தில். அம்மா தொடங்க வாயெடுத்தபோது மூப்பர் சொன்னார்.

"இண்டைக்கு முதற்பாதி நான். மறுபாதியை வீட்டுக்காரி தனிய சொல்லட்டும். அதுதான் முறை."

முறையாவது மண்ணாவது. அப்படி ஒரு முறை இருக்கவே இல்லை. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கால் விரலைப் பார்த்தேன்.

முதல் மணி. அம்மா "இப்பொழுதும்" வரை வந்து நின்றார். யாரோ இருமினார்கள். மூப்பர் காத்திருந்தார். அம்மாவின் மேலுதட்டில் வியர்வை பொட்டுப் பொட்டாக வந்தது. தம்பி மடியில் இருந்து நிமிர்ந்து பார்த்தான்.

"முடிக்க வேணும் பிள்ளை. முடிக்காத செபம் மூடாத கதவு மாதிரி" என்றார் மூப்பர். குரல் அன்பாகத்தான் இருந்தது. அதுதான் மோசம்.

அம்மா மறுபடி தொடங்கினார். மறுபடி அதே இடம். கழுத்து நரம்பு எழும்பிவிட்டது.

பின்னால் குந்தியிருந்த அப்பக்கார மாமி உரத்த குரலில் மிச்சத்தைச் சொல்லி முடித்தார்.

"மூப்பர், கதவை நான் மூடிப்போட்டன். நீங்கள் வாசலில நில்லாமல் அடுத்த மணிக்கு வாங்கோ. எனக்கு மா புளிக்குது."

சனம் சிரித்துவிட்டது. மூப்பர் சிவந்துபோனார். ஐம்பது மணிக்கும் மாமியே கதவு மூடினார். போகும்போது மூப்பர் சிலுவையை ஒரு கக்கத்திலும் குடையை மறு கக்கத்திலும் வைத்துக்கொண்டு, "வாற வருஷம் இந்த வீட்டை யோசிச்சுத்தான் வரவேணும்" என்றார்.

அப்பா, "என்னவாம்?" என்று கத்தினார்.

"ஒண்டுமில்லை. சிலுவை பாரமாம்" என்றார் அம்மா.

அன்று முழுவதும் அம்மா என்னை ஏசவில்லை. தலை வாரி, பின்னலை இழுத்துக் கட்டிவிட்டார். ஏசியிருந்தால் நல்லது.

உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து ஆட்டிறைச்சி வெந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. கொழும்பில் குண்டு போட்டாயிற்றாம். இனி எங்களுக்குத்தான். அடுத்த நாளே ஒழுங்கையில் மாட்டு வண்டிகள். பாய், பானை, கோழிக்கூடு, ஆட்டுக்கல் எல்லாம் ஏறின. சிலர் பாலையூற்றுப் பக்கம், சிலர் அதற்கும் அங்கால் காட்டுப் பக்கம். அப்பாவை வேலையிலிருந்து விடமாட்டார்கள். அம்மா போக மாட்டேன் என்றார்.

"அவர் இஞ்ச. நான் அங்க போய் என்னத்துக்கு?"

மாமியும் போகவில்லை. "குண்டு போடுறவனுக்கும் காலமை பசிக்கும்" என்று அப்பச் சட்டியைக் கழுவினார். ஆனால் அவர் கை ஓரிடத்தில் நிற்கவில்லை. கழுவிய சட்டியையே திரும்பவும் கழுவினார். அந்த மூன்று நாளும் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டே திரிந்தார். நான் இரவில் சீலைத் தலைப்பில் என் கையை அம்மாவின் கையோடு முடிந்துகொண்டு படுத்தேன்.

வியாழன் காலை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது சைரன். கோயில் வளவில் வெட்டியிருந்த குழிக்குள் இறங்கினோம். தென்னங்குற்றி அடுக்கிய குழி. அம்மா, நான், தம்பி, மாமி, மூப்பர், ஒழுங்கையில் மிஞ்சிய நாலைந்து பேர். முதலில் வானத்தில் தையல் மெசின் ஓடுவது போல ஒரு சத்தம். பிறகு நிலம் ஒரு தரம் எம்பியது. சட்டைக்குள் மணல் கொட்டியது. தம்பி என் தோளைக் கடித்தான். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

மூப்பர் செபமாலையைத் தொடங்கினார். அவருக்கு ஒரே மகன், துறைமுகத்தில் இழுவைப்படகில் வேலை. எனக்கு அது தெரியும். அந்த நேரம் நினைவு வரவில்லை. செபமாலையில் ஆறேழு மணி உருட்டியிருப்பார். குண்டு ஒவ்வொன்றும் துறைமுகப் பக்கமே விழுந்தது. அவர் குரல் காற்றாகிவிட்டது. வாய் அசைந்தது, சத்தம் இல்லை. குழி முழுவதும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் செபத்தை எடுக்கவில்லை.

மூப்பர் தன் செபமாலையை அம்மாவிடம் நீட்டினார்.

"பிள்ளை, நீ சொல்லு. முதற்பாதியை நீ எடு."

அம்மா வாங்கினார். தொடங்கினார். எனக்கு அந்தக் குரல் ஆச்சரியம். அரிசி அளப்பது போல, சிந்தாமல் சிதறாமல். நாங்கள் எல்லோரும் மறுபாதி சொன்னோம். நான் மூப்பரின் விலாவோடு ஒட்டிக்கொண்டிருந்தேன். அவர் "இப்பொழுதும்" என்று சொன்னார். அதோடு நின்றார். அடுத்த மணியிலும் அதே இடத்தில் நின்றார். மூப்பருக்கும் ஒரு இடம் வராது.

நான் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன். அம்மாவும் கேட்டுவிட்டார். அதன்பிறகு ஒவ்வொரு மணிக்கும், மாமியும் மற்றவர்களும் முடித்த பிறகும், அம்மா உடனே அடுத்ததைத் தொடங்கவில்லை. ஒரு மூச்சு நேரம் மூப்பருக்காகப் பொறுத்தார். பிறகுதான் தொடங்கினார்.

வெளியே வந்தபோது சீனன்குடாப் பக்கம் வானம் கறுப்பு. எண்ணெய்த் தாங்கி ஒன்று எரிந்தது. அது நாட்கணக்காக எரிந்தது. வெள்ளைத் துணி காயப்போட ஏலாது. அப்பா மத்தியானத்துக்குப் பிறகு வந்தார். முகம் முழுக்கக் கரி, ஒரு காலில் மட்டும் செருப்பு, இரண்டு காதும் கேட்கவில்லை. "எல்லாரும் இருக்கிறியளோ? எல்லாரும் இருக்கிறியளோ?" என்று கத்திக்கொண்டே எங்கள் தலைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இழுவைப்படகு வரவில்லை. ஒரு நாள் பார்த்தார்கள், இரண்டு நாள் பார்த்தார்கள். உடலும் இல்லை.

மூன்றாம் நாள் அம்மா எங்களையும் கூட்டிக்கொண்டு மூப்பர் வீட்டுக்குப் போனார். மாமியும் வந்தார். மூப்பர் குடையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். சுற்றி நாலு பேர்.

"ஆண்டவரின்ரை சித்தம், மூப்பர். நீங்களே இப்பிடி இருந்தால் சனம் என்ன செய்யும்?"

"ஊருக்குச் செபம் சொல்லிக் குடுத்தவர் நீங்கள். மனசைத் தேற்றுங்கோ."

மூப்பரின் வாய் திறந்தது. அம்மா அதைப் பார்த்தார். தன் வாயை மூடிய அந்த நாளை அவர் நினைத்தாரோ என்னவோ. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நிலத்தில், அவர் கதிரைக் காலடியில் இருந்தார்.

"விடுங்கோ. அவர் அழட்டும்" என்றார். பிறகு அவரைப் பார்த்து, "அழுங்கோ மூப்பர். நான் இருக்கிறன்."

அந்த மனிதர் அழுத சத்தத்தை நான் எழுத மாட்டேன். கொஞ்ச நேரத்தில் அம்மாவும் அழுதார். பதினொரு நாள் இருந்த குழந்தையின் பெயரைச் சொல்லி அழுதார். அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்லி அதுவரை நான் கேட்கவில்லை. ஒருத்தி "சம்மனசுக்கு…" என்று தொடங்கினாள். மாமி அவளைத் திரும்பிப் பார்த்தார். மூப்பர் அழுகைக்கு நடுவே கையை நீட்டி, அம்மாவின் தலையில் வைத்தார். கையைத் தூக்கிய மனிதர் அதே கையை வைத்தார். மன்னிப்பு என்ற சொல்லெல்லாம் அங்கே வரவில்லை.

பல வருஷம் கழித்து, எனக்கு இருபத்தைந்து வயதில், பாலையூற்றில் மகளோடு இருந்த மாமியைப் பார்க்கப் போனேன். கண் மங்கிவிட்டது. ஏதோ கதையில் சிரித்துக்கொண்டே, "நாங்கள் உங்களைக் கயிற்றுக்கள்ளி எண்டு பாட்டுப் படிச்சனாங்கள்" என்றேன்.

"ஓம், நல்ல ராகம்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"உன்ரை அம்மா ஒரு நாள் மத்தியானம் கிணத்துக் கட்டில இருந்தவள். காலை உள்ளுக்கை தொங்கப்போட்டுக்கொண்டு. நான் வேலியால கண்டு ஓடிப்போனன். என்ன பிள்ளை, வாளி விழுந்திட்டுதோ எண்டன். ஓம் எண்டாள். வாளி கப்பியில தொங்குது."

நான் அவர் பக்கம் நகர்ந்து இருந்தேன்.

"நாங்கள் நினைச்சம், அப்பாவுக்கு ஏதும் நடக்குமெண்டு அம்மாவுக்குப் பயம் எண்டு."

"அவள் சாவுக்குப் பயந்தவள் இல்லை, பிள்ளை. சாவைத் தானே கேட்டுப்போடுவனோ எண்டு பயந்தவள். அதாலதான் அந்த இடம் அவளுக்கு வாயில வரேல்லை. செபத்துக்குள்ள ஒளிச்சுக் கேட்டதாய்ப் போயிடுமாம். எனக்கு மட்டும் சொன்னவள்."

"கயிறைக் கொண்டுபோனா என்ன மாமி? கிணறு அங்கதானே இருந்தது."

"ஓம். கயிறால ஒண்டையும் தடுக்க ஏலாது. எனக்கு விளங்காதே? ஆனா கயிறு என்னட்டை இருந்தா அவள் தண்ணிக்கு என்னைக் கூப்பிட வேணும். நாளுக்கு நாலு தரம் கூப்பிட வேணும். கூப்பிட்டாக் காணும். மிச்சத்துக்கு வேலியால செபம்." பிறகு சொன்னார்: "என்ரை மனுசன் செத்த வருஷம் எனக்கும் அப்பிடி வந்தது. அப்ப என்ரை கயிறை ஆரும் எடுக்கேல்லை. எடுத்திருந்தால் நல்லாயிருந்திருக்கும் எண்டு நினைச்சனான்."

கயிறு திரும்பி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எண்ணெய்த் தாங்கி எரிந்து ஓய்ந்து சில மாதம். ஓடிப்போன சனம் திரும்பி வந்துகொண்டிருந்தது. அம்மா கிழமைக்கு இரண்டு தரம் மூப்பர் வீட்டுக்குப் போய் அவரோடு செபமாலை சொல்வார். முதற்பாதி ஒரு நாள் இவர், ஒரு நாள் அவர். அன்று காலை மாமி இரண்டு கயிறும் ஒரு வாளியுமாக வந்தார். ஒன்றைக் கப்பியில் மாட்டினார். மற்றதைக் கிணற்றடிக் கல்லில் வைத்தார். திரும்பிப் போனார்.

"இப்பதான் சுரணை வந்ததோ?" என்று அப்பா கத்தினார்.

அம்மா அந்தக் கயிற்றைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய் வாளியை விட்டார். கப்பி கிறீச்சிட்டது. பல மாதத்துக்குப் பிறகு அம்மா தனியாகத் தண்ணீர் அள்ளுகிற முதல் தரம் அது. தம்பி கல்லில் குந்தியிருந்தான். அவன் தலையில் ஊற்றினார்.

அங்கால் உலக்கை விழத் தொடங்கியது. மாமியின் முதற்பாதி வந்தது. அம்மா மறுபாதி சொன்னார். "இப்பொழுதும்" என்றார். நான் வழக்கம்போல மாமியின் குரலுக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை. அம்மாவே சொன்னார். ஒவ்வொரு சொல்லாக, ஈரக் கல்லில் கால் வைத்து நடப்பது போல, முடிவுவரை சொன்னார்.

உலக்கை நின்றுவிட்டது.

"எங்க நிக்கிறாய்?" என்றது வேலிக்கு அங்கால் குரல்.

"கிணத்தடியில" என்றார் அம்மா.

அடுத்த நாள் செபம் மறுபடி அதே இடத்தில் நின்றது. அதற்கடுத்த நாள் முழுதாக வந்தது. இப்படி வந்தும் நின்றும்தான் அம்மா இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் செபம் சொன்னார். கயிறு கப்பியிலேயே கிடந்தது.